உடம்பிற் காணும் பொறை

பொறை என்னும் சொல் உலக வழக்கில் மூவேறு நிலைகளுக்குப் பெயராய் வழங்கக் காண்கின்றோம். தனக்குத் தீங்கு நிகழ்வதனையே அறியாது வாளாவிருப்பானையும் பொறுமையுடையான் என்கின்றனர். தீங்கினை அறிந்தும் எதிர்க்க வலியின்றிக் கிடந்து தாங்குவானையும் அப்பெயராலேயே அழைக்கின்றனர். எதிர்க்கும் வலி முழுதும் உடையனாய் வைத்தும், 'இஃது எதிர்க்கற்பாலதன்று' எனத் தேர்ந்து அடங்குவானுக்கும் அதுவே பெயராகின்றது. இம்மூன்றனுள் முன்னைய இரண்டும் அறமெனப்படா என்பதும், மூன்றாவதொன்றே அப்பெயர்க்கு உரியது என்பதும் நூல்வல்லார்க்குப் புதியன அல்ல. ஆயினும் இவை வழக்கில் ஒன்றோடொன்று மயங்குதலால் விளையும் கேடு பெரிது. வலியார் மெலியாரை நோக்கிப் 'பொறுத்திருங்கள்' என்னும்போது எப்பொறையைக் கேட்கின்றனர் என்பதனை ஆராய்வார் சிலரே.

பொறைக்கு நிலத்தை உவமை கூறுதல் நம்மவர் மரபு. பொறுத்தலின் அளவு மிகுதியைக் காட்டுதற்கு அவ்வுவமை சாலச் சிறந்ததே. எனினும் பொறுத்தல் என்னுஞ் செயல் எவ்வாறு நிகழ்கின்றது, எவ்வெல்லைக்கு உட்பட்டது, எப்பொழுது ஒழியும் என்பனவற்றை அறிய விழைவார்க்கு நிலம் விடை கூறாது. ஓரளவு விடை கூறவல்ல பொருளொன்று நம் உடம்பினகத்தே உளது. அது குடல். அதன்கண் வாழும் எண்ணிறந்த நுண்ணுயிர்களை, உடம்பின் நோயெதிர்ப்பாற்றல் அழிக்காது வைத்திருக்குந் திறமே ஈண்டு ஆராயப்படுவது.

'உடம்பு மாயையின் காரியமாகிய சடம். சடத்தின்கண் அறத்தைத் தேடுதல் முயற்கொம்பைத் தேடுதல் போலுமன்றோ?' எனின், கூறுதும். உடம்பு அறஞ் செய்கின்றது என்பது எம் கருத்தன்று. அறமும் மறமும் அறிவுடைய உயிர்க்கே உரியன. தராசும் நடுவுநிலைமை உடையதன்று. எனினும் நடுவுநிலைமை இன்னதென விளக்குதற்கு அதனினும் எளிய பொருள் கிடைப்பதில்லை. அவ்வாறே குடலின் அமைப்பினை உவமையாகக் கொள்கின்றேமன்றிப் பிரமாணமாகக் கொள்கிலேம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மேனாட்டு அறிஞர் பலர் பெருங்குடலை ஒரு சாக்கடையாகவே எண்ணினர். நோயெதிர்ப்பு ஆராய்ச்சிக்காக 1908-ல் நோபெல் பரிசு பெற்ற மெச்னிகாவ் என்னும் ருசிய அறிஞரே, பெருங்குடல் மாந்தர்க்கு வேண்டாத உறுப்பென்றும், அதன்கண் வாழும் கிருமிகள் நஞ்சினைப் பிறப்பித்து முதுமையை விரைவிக்கின்றன என்றும் கருதித் தயிரின் கிருமிகளால் அவற்றை அடக்கலாம் என்றனர். இலண்டன் மாநகரில் ஆர்பத்நாட் லேன் என்னும் அறுவை மருத்துவர் ஒருபடி மேற்சென்று, அவ்வுறுப்பினையே அறுத்தெறியத் துணிந்தனர். பிறிதெனப்பட்டன எல்லாம் பகையென்னுங் கொள்கை எத்துணைத் தொலைவு ஒருவனைக் கொண்டு செல்லும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இன்று அறியப்படுவது வேறு. 70 கிலோ எடையுள்ள ஒருவன் உடம்பில் ஏறத்தாழ 38 இலட்சங் கோடி நுண்ணுயிர்கள் உள்ளன என்றும், அவனுடைய சொந்த உயிரணுக்கள் ஏறத்தாழ 30 இலட்சங் கோடி என்றும் 2016-ல் கணக்கிட்டனர். 'நுண்ணுயிர்கள் பத்து மடங்கு' என முன்னர் வழங்கிவந்த கணக்கு பிழையென அப்பொழுதே தெளிவாயிற்று. எவ்வாறாயினும் 'என் உடம்பு' என நாம் சுட்டும் பொருளின்கண் எண்ணிக்கையாற் பாதிக்குமேல் நம்முடையன அல்ல. அவற்றுட் பெரும்பாலன பெருங்குடலில் வாழ்வன. அவை குருதியிற் புகுந்து பெருகுமாயின் உடம்பு முழுதும் கொதித்தெழும். குடல் துளைபட்டு அவை வயிற்றறையிற் சிந்துமாயின் சின்னாளில் உயிர்க்கே இறுதியாம். உள்ளே அமைதியாய் வாழும் அதே உயிர், நான்கு விரற்கிடை அப்பால் கொலைஞனாகின்றது. ஆதலின் குடல் அவற்றைப் பொறுத்தற்குக் காரணம் அவற்றின் இயல்பு நல்லது என்பது மட்டுமன்று. அவை நிற்குமிடமும் காரணமாம்.

இவ்விடமென்பதை விளக்குதற்கு ஓர் ஊரின் பெயரே போதும். சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூரையும் கடந்து, எண்ணூரின்கண் முகத்துவாரக்குப்பம் என்னும் மீனவரூர் ஒன்றுண்டு. கொசத்தலையாறு கடலொடு கலக்கும் வாயிலில் அமைந்தமையின் அப்பெயர்த்து. அதனை அடுத்துச் சிவன்படைக்குப்பம் என ஓரூரும் உளது; பெயரைக் கேட்டளவில் நம் அன்பர் மகிழ்வர். முகத்துவாரம் என்பது எல்லையும் ஆம், வாயிலும் ஆம். ஆறும் கடலும் ஆண்டு ஒன்றாய் விடுவதுமில்லை. முற்றும் பிரிந்து நிற்பதுமில்லை. ஏற்றத்தின்போது உவர்நீர் உட்புகும். வற்றத்தின்போது ஆற்றுநீர் வெளிப்படும். கடலிற் பிறந்த இறாற்குஞ்சு கழியினுட் புகுந்து வளர்ந்து மீளவும் கடலைச் சேரும். மணற்றிட்டு ஏறி வாயில் அடைபடின் கழி கெடும். தடையே இன்றிக் கடல் முழுதும் உட்புகின் அது கழியாகாது. மீனவர் அதனைத் தூர்வார வேண்டுமென்று மீண்டும் மீண்டும் கேட்பது இதுபற்றியே.

குடலின் சுவரும் இத்தகையதோர் முகத்துவாரமே. விரித்துப் பரப்பின் ஏறத்தாழ 32 சதுர மீட்டர் அளவுள்ள அச்சுவர், ஒரே அடுக்கு உயிரணுக்களால் ஆயது. உணவின் சாரம் உட்புகல் வேண்டும், நுண்ணுயிர் உட்புகலாகாது. பெருங்குடலில் இச்சுவரின்மேல் இரண்டு அடுக்காகச் சளிப்படலம் போர்த்துள்ளது. புறவடுக்கு தளர்ந்தது, அதன்கண் நுண்ணுயிர்கள் குடியிருந்து உண்டு வாழும். அகவடுக்கு இறுகியது, அதனுள் அவை பெரும்பாலும் காணப்படுவதில்லை என்பதை 2008-ல் கண்டறிந்தனர். சிறுகுடலில் வேறொரு முறை உளது. சுவரிலுள்ள சில உயிரணுக்கள் நுண்ணுயிர் கொல்லும் ஒருவகைப் புரதத்தைச் சுரந்து, அவற்றை ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர், அஃதாவது ஒரு மில்லிமீட்டரில் 20-ல் ஒரு பங்கு, தொலைவில் நிறுத்துகின்றன. எலிகளிடத்து அப்புரதம் இல்லாதபடி செய்தபோது நுண்ணுயிர்கள் சுவரை வந்து தீண்டின, காவலணுக்கள் கிளர்ந்தெழுந்தன. இஃது 2011-ல் வெளிவந்த செய்தி. கொல்லும் படைக்கலம் கையிலிருக்கின்றது. அதனைக் கொண்டு கொல்லாது எல்லையை வரைகின்றது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

இனி, 'எல்லை கட்டி மறைத்து வைத்தமையால் உடம்பு அவற்றை அறியவில்லை. அறியாமையே பொறையெனத் தோன்றுகின்றது' என்று ஒருவர் கூறலாம். இத்தடை வலியுடையது. ஓரளவு உண்மையும் ஆம். குடற்சுவரிலுள்ள சில காவலணுக்கள் நுண்ணுயிர்களைப் பற்றிக்கொண்டு அருகிலுள்ள நிணநீர்க் கணு வரையிற் சென்று அங்கேயே நின்றுவிடுகின்றன. உடம்பின் பிற பகுதிகட்கு அச்செய்தி எட்டுவதில்லை என்று 2004-ல் எலிகளை வைத்து ஆராய்ந்தோர் காட்டினர். ஊர்ச்சபை தீர்க்கத்தக்க வழக்கை அரசவைக்கு ஏற்றாமை போல்வது இது. அரசன் அறியான் என்பது உண்மையே. ஆனால் ஊர்ச்சபை அறியாது என்பது பொருந்தாது.

குடல் அறிகின்றது என்பதற்குச் சான்றுகள் பல. உடம்பு பிறப்பிக்கும் எதிர்ப்பொருள்களுள் அளவால் மிக்கது 'இம்யூனோகுளோபுலின் ஏ' என்பது. நாள்தோறும் சில கிராம் அளவில் குடலினுட் சுரந்து, நுண்ணுயிர்களைப் பற்றிப் போர்த்துச் சுவரை அணுகாவண்ணம் விலக்குவது அதன் தொழில். பெரும்பாலும் அது கொல்வதில்லை. இன்னின்ன நுண்ணுயிர் இருக்கின்றது என்று அறிந்தாலன்றி அதனைப் பற்றுதற்கு உரிய எதிர்ப்பொருளைச் செய்தல் இயலுமோ? எனவே ஒவ்வொரு விருந்தாளியையும் பெயர் கேட்டுக் கைப்பற்றித் தக்க இடத்தில் இருத்துவது போன்றது இச்செயல்.

இதனினும் வலிய சான்று மற்றொன்று. வெள்ளணுக்களுள் ஒருசாரன பிற வெள்ளணுக்களின் சினத்தை அடக்கும் தொழிலுடையன என்பதை 1995-ல் ஜப்பானிய அறிஞர் சகாகுச்சி நிறுவினார். அவ்வணுக்கள் உருவாதற்கு இன்றியமையாத மரபணுவைப் பிரங்கோவ், ராம்ஸ்டெல் என்னும் இருவர் 2001-ல் கண்டனர். அம்மரபணு பழுதுற்றுப் பிறக்கும் ஆண்மகவு, குடலழற்சியாலும் நீரிழிவாலும் பிற நோய்களாலும் பிறந்த சின்னாளிலேயே வருந்தும். இம்மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அடங்குதல் என்பது செயலின்மையன்று, அதற்கெனத் தனிப்படையே வேண்டும் என்பது இதனாற் போதரும்.

எலிகளைக் கொண்டு செய்த சோதனை ஒன்றனை ஈண்டு விரித்துரைத்தல் தகும். அடக்கத்திற்குத் துணைசெய்வதும் 'இன்டர்லியூக்கின்-10' எனப்படுவதுமாகிய ஒரு பொருளைச் சுரக்கமாட்டாத எலிகளை 1993-ல் உருவாக்கினர். அவ்வெலிகளின் குடல் அழன்று புண்ணாயிற்று. பின்னர் அவ்வினத்து எலிகளையே நுண்ணுயிர் சிறிதும் இல்லாத இடத்தில் வைத்து வளர்த்து நோக்கினர், அழற்சி உண்டாகவில்லை. முதலில் நோயுற்ற எலிகளிடத்து இருந்தன புதிய பகைக் கிருமிகள் அல்ல. பிற எலிகளிடத்துத் தீங்கின்றி வாழும் வழக்கமான நுண்ணுயிர்களே. விருந்தினர் மாறவில்லை, இல்லத்தானின் பொறை மாறியது. வீடு எரிந்தது. மாந்தரிடத்துக் காணப்படும் நெடுநாட் குடலழற்சி நோய்களிலும், காரணங்கள் பலவாயினும், தன் நுண்ணுயிர்மேல் தானே போர்தொடுக்கும் இக்கேடு ஒரு கூறாக உள்ளது.

பொறுக்கப்படுவனவும் வாளாவிருந்து உண்பன அல்ல. நாம் செரிக்கமாட்டாத நார்ப்பொருளையும் மாப்பொருளையும் அவை பெருங்குடலில் உண்டு, பியூட்டிரேட் முதலிய அமிலங்களை வெளிவிடுகின்றன. பெருங்குடற் சுவரின் உயிரணுக்களுக்கு அதுவே தலையாய உணவு. மேலும் முற்கூறிய அடக்கும் அணுக்கள் குடலிற் பெருகுதற்கும் அது துணையாகின்றது என்று 2013-ல் மூன்று ஆய்வுக் குழுவினர் எலிகளிடத்துக் காட்டினர். பொறுக்கப்படுவது பொறுப்பானுக்குப் பொறுக்கும் ஆற்றலையே ஊட்டுகின்றது. இவ்வளவு நெருங்கிய கொடுத்தல் கொளலை யாம் வேறெங்கும் கண்டிலேம்.

தாய்ப்பாலின் அமைப்பு இதனினும் வியப்பைத் தருவது. அதன்கண் பால்வெல்லம், கொழுப்பு ஆகிய இரண்டற்கும் அடுத்தபடி மிகுதியாக உள்ள திண்பொருள் ஒருவகைச் சர்க்கரைத் தொடர். அதனைச் செரிக்கும் ஆற்றல் மகவுக்கு இல்லை. மகவின் குடலில் வாழும் சில நுண்ணுயிர்களே அதனை உண்ணுகின்றன. தாய் தன் மகவுக்கு ஊட்டும்போதே, அம்மகவின்கண் வந்து தங்கவிருக்கும் அயலார்க்கும் உடன் ஊட்டுகின்றாள் என்க.

இவ்விருந்தோம்பலோடு ஒட்டிய ஆராய்ச்சி நம் நாட்டிலும் நிகழ்ந்துளது. குளிர்ந்த சோற்றில் மாப்பொருளின் ஒரு பகுதி எளிதிற் செரியா வடிவெய்தி, பெருங்குடலைச் சென்று சேரும். நீரில் இட்டு ஓரிரவு வைத்த பழையசோற்றில் புளிப்புக் கிருமிகளும் பெருகும். வடசென்னைக் குப்பங்களில் விடியலில் கடலுக்குச் செல்வார்க்கு அதுவே நெடுநாள் உணவு. ராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் குடல் அறுவை மருத்துவத் துறையினர், 2020-க்குப் பிந்திய ஆண்டுகளில், மாநிலத் திட்டக் குழுவின் துணைகொண்டு, குடலழற்சி நோயாளர்க்கு இப்பழையசோறு பயன்படுமாற்றை ஆராயத் தொடங்கினர். அதுகொண்டு 'பழையசோறு சர்வரோக நிவாரணி' எனப் பறையறைதல் விரைவுடைமையாம். எனினும் பழையதை ஆசாரக் குறைவென்று இகழ்வார், தம் குடலின்கண் வாழ்வார் அதனை இகழ்வதில்லை என்பதையாவது அறிந்துகொள்ளலாம்.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்த ஆராய்ச்சியோ முடிவு கண்டது. வாந்திபேதியுற்ற 48 பேரை ஆராய்ந்து 2000-ல் வெளியிட்ட அறிக்கையில், வழக்கமான உப்புச் சர்க்கரைக் கரைசலோடு இச்செரியா மாப்பொருளைச் சேர்த்துக் கொடுத்தபோது கழிச்சல் விரைவில் நின்றமை கூறப்பட்டது. பெருங்குடலின் நுண்ணுயிர்கள் அம்மாவினை அமிலமாக்க, அவ்வமிலம் உப்பும் நீரும் உள்ளே ஈர்க்கப்படுதற்கு உதவும் என்பதே அவ்வாராய்ச்சிக்கு அடிப்படை. ஒரு கிருமியால் வந்த கேட்டினைத் தணித்தற்குப் பிற கிருமிகளுக்கு உணவிட்டனர். எல்லாக் கிருமியையும் ஒருங்கே பகையென்பார்க்கு இச்சிகிச்சை தோன்றியிராது.

இனித் தத்துவ வினாவுக்கு வருவோம். பர்னெட் என்னும் ஆஸ்திரேலிய அறிஞர் தம் துணைவரோடு 1949-ல் வெளியிட்ட நூலில், உடம்பு 'தான்' என்பதனையும் 'பிறிது' என்பதனையும் பகுத்தறிந்து, தன்னை விடுத்துப் பிறிதைத் தாக்குகின்றது என்னும் கொள்கைக்கு அடியிட்டார். 1960-ல் அவர்க்கு நோபெல் பரிசும் கிட்டியது. கொள்கை எளியது, அழகியது, பெரும்பயன் விளைத்தது. ஆனால் குடல் அதற்கு அடங்கவில்லை. நாம் உண்ணும் சோறு பிறிது; அதனைத் தாக்குவதில்லை. நுண்ணுயிர் பிறிது, பொறுக்கின்றது. இதனை நோக்கியே மாட்சிங்கர் என்னும் அம்மையார் 1994-ல், உடம்பு வினவுவது 'நீ யார்?' என்பதன்று, 'நீ தீங்கு செய்கின்றாயா?' என்பதே என்னும் மாற்றுக் கொள்கையை மொழிந்தார். அதுவும் முழுதும் ஏற்கப்பட்டிலது; வழக்கு இன்னும் நடைபெறுகின்றது. யாம் காண்பது இதுவே: பிறப்பு ஒன்றனையே கொண்டு குடல் தீர்ப்பளிப்பதில்லை. நிற்குமிடமும், செய்யுஞ் செயலும், பழகிய நாளும் அத்தீர்ப்பின்கண் இடம்பெறுகின்றன. பிறந்த மகவின் குடல் இப்பழக்கத்தை முதற் சில திங்களிலும் ஆண்டுகளிலும் பயில்கின்றது. நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் நோயெதிர்ப்பாற்றல் முதிராமலே நின்றுவிடுகின்றது. ஆதலின் 'தான்' என்பதும் முன்னரே வரைந்து வைத்த கோடன்று, சார்பினால் அமைவது. சார்ந்ததன் வண்ணமாதலை உயிர்க்கு இயல்பெனக் கூறிய நம்மனோர்க்கு இது வியப்பாகாது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். இந்நிகழ்ச்சியைக் கண்டளவில் 'உடம்பும் நுண்ணுயிரும் ஒன்றே. வேற்றுமை மயக்கம்' என முழங்குவாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. ஒன்றாயின் சளிப்படலம் எதற்கு? எதிர்ப்பொருள் எதற்கு? முற்றும் வேறாயின் தாய்ப்பாலில் அவற்றுக்கு உணவு எதற்கு? பொருளால் வேறாய், வாழ்க்கையால் உடனாய் நிற்றல் என்பதே உண்மை. வேறாதலை அழித்துவிட்டு உடனாதலைக் காத்தல் இயலாது. மற்று, இந்நுண்ணுயிரை ஆணவ மலத்துக்கு உவமையாக்க எண்ணுவாருக்கும் ஒன்று கூறுவோம். ஆணவம் மறைப்பது, இவை உதவுவன. ஒருபுடை ஒப்புமை வேண்டின், விளக்கேபோல் உயிர்க்கு உதவும் மாயையின் காரியங்களோடு ஒப்பிடலாம். அவ்வளவிலும் முற்றுவமை ஆகாது.

இப்பொறை குறையற்றது என்றும் எண்ணற்க. சில புற்றுக்கட்டிகள் முற்கூறிய அடக்கும் அணுக்களையே தம்மைச் சூழ அழைத்துக்கொண்டு, அவற்றின் மறைவில் வளர்கின்றன. பொறையைக் கேடயமாக்கிக்கொள்ளும் கயமை உடம்பினுள்ளும் உளது. வேலூரில் மருத்துவர் ஜேக்கப் ஜான் 1970-களில், வாய்வழிப் போலியோ மருந்தை மும்முறை கொடுத்தும் குழந்தைகள் பலரிடம் போதிய எதிர்ப்பு எழாமையைக் கண்டார். குடல் அம்மருந்தையும் அமைதியாய் விட்டுவிட்டது போலும் எனத் தோன்றும். ஆயின் காரணம் ஒன்றன்று, பல. குடற்கிருமிகளே தடையெனக் கருதிப் பின்வந்தோர் கிருமிகொல்லி மருந்தை முன்னர்க் கொடுத்துச் சோதித்தனர். கிருமிகள் குறைந்தன, போலியோ மருந்தின் பயனோ மிகவில்லை. இது 2016-ல் வெளிவந்த முடிவு. பன்முறை கொடுத்தே இந்நாடு அந்நோயை வென்று 2014-ல் சான்று பெற்றது.

இதுகாறும் கூறியவற்றால் பொறையின் இலக்கணம் ஒருவாறு புலப்படும். அது அறிந்து செய்வது, வலியுடையார் செய்வது, எல்லையைக் காத்துக்கொண்டே செய்வது, சுவர் உடைந்த அக்கணத்தே ஒழிவது. எல்லை மீறப்பட்ட பின்னும் அடங்கியிருக்கும் குடலை மருத்துவர் பொறையுடையது என்று பாராட்டார். அதன் உடையவன் சாகின்றான் என்றே கூறுவர்.

இவ்விலக்கணத்தை மேற்சொன்ன முகத்துவாரத்திற்குக் கொண்டுசென்று பார்த்தல் வேண்டும். எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் கசிந்து படிந்த செய்தி பல்லாண்டாக அறியப்பட்டது. 2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிச்சாங் புயலின் பெருமழையின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளிப்பட்ட எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கழியிற் புகுந்து முகத்துவாரம் வரை பரந்தது. படகும் வலையும் கறுத்தன. மீனவர் தாமே வாளியும் குவளையுங் கொண்டு எண்ணெயை அள்ளினர். அத்திங்கள் 26-ஆம் நாள் இரவிலேயே எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகில் கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய ஊர்மக்கள் நள்ளிரவில் வீடுவிட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனை சேர்ந்தனர்.

'நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், எண்ணெய் வேண்டும், உரம் வேண்டும். சிலர் சிறிது பொறுத்தல் வேண்டும்' என்று இதற்கு விடை கூறப்படுகின்றது. இவை வேண்டாவென்பார் யாருமிலர். ஆலையும் ஊரும் அடுத்தடுத்து வாழ்தல் இயலாது என்பதும் எம் துணிபன்று. குடலும் நுண்ணுயிரும் வாழவில்லையா? வினா வேறு. ஆலையின் கழிவு அதற்குரிய இடத்தே நிற்கின்றதா? சுவர் யார் கையில் உளது? உடைந்தால் எதிர்க்கும் வலி ஊராருக்கு விடப்பட்டிருக்கின்றதா? கொடுத்தலும் கொளலும் இருபாலும் நிகழ்கின்றனவா? இவற்றுக்கு 'இல்லை' என்பது விடையாயின், ஊரார் செய்வது பொறையன்று. முதலிற் கூறிய மூன்றனுள் இரண்டாவதாகிய வலியின்மையே. அதற்குப் பொறையென்று பெயரிடுதல் சொல்லுக்குச் செய்யும் தீங்கு. அம்மக்களுக்குச் செய்யும் தீங்கினை மறைத்தலும் ஆம். நிலம் பொறுக்கின்றது என்னும் உவமையும் இவ்விடத்திற் கேட்க இனிதாயில்லை. அந்நிலம் பொறுத்த சாம்பல் இறாலின் வயிற்றிலும் நண்டின் ஓட்டிலும் ஏறி மீள்கின்றது.

மடங்களில் வாழும் பெரியோர் ஒருவர் இவ்விடத்தில் ஒரு தடை எழுப்புதல் கூடும். 'எல்லை மீறியவனையும் பொறுத்தலன்றோ துறவறத்தின் சிறப்பு? அடித்தானையும் வாழ்த்தினாரைப் போற்றுகின்றோமே. நீ கூறும் கணக்குப் பார்க்கும் பொறை இல்லறத்தார்க்கே அன்றோ?' என்பர். அச்சிறப்பினை யாம் மறுக்கவில்லை. ஆயினும் அப்பெரியோர் பொறுத்தது தம்மேல் வந்த அடியை. தமக்கு வந்ததனைத் தாமே ஏற்பது தானம் போல்வது. பிறன் பொருளை எடுத்துத் தானஞ் செய்வார் யார்? 2023-ஆம் ஆண்டின் அவ்விரவில் பெரியகுப்பத்துத் தெருவில் மூச்சு முட்ட நின்ற ஒருவன், தன் பொருட்டு அந்நஞ்சினைப் பொறுத்தல் ஆகலாம். தோளிற் கிடந்த மகவின் பொருட்டுப் பொறுத்தற்கு அவனுக்கு உரிமையில்லை. அவனை நோக்கிப் பொறு என்பார்க்கு அதுதானும் இல்லை.